பள்ளிக்கு ஒரு பங்கு

யாக்ஞவல்கியர் இல்லறத்தைத் துறந்து புறப்பட முற்பட்டபோது முதலில் எண்ணியது சொத்துப் பங்கீட்டைப் பற்றி. மைத்ரேயி, காத்யாயனி என்னும் தம் மனைவியர் இருவருக்கும் உள்ளதைப் பிரித்துக் கொடுத்துவிட்டே செல்ல அவர் விரும்பினார் என்று பிருஹதாரண்யக உபநிஷதம் கூறுகிறது. அப்போது மைத்ரேயி கேட்ட கேள்வியும் முனிவர் அளித்த விடையும் வேதாந்தத்தின் சிகரங்களுள் ஒன்றாகிவிட்டன. ஆகவே சொற்பொழிவுகளில் பங்கீட்டுச் செய்தியை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவது வழக்கம். இல்லறத்தார் அந்த ஒரு வாக்கியத்தில் சற்றே நிற்கலாம். பிரம்மத்தை அறிந்தவர், 'பொருள் எல்லாம் பொய். யார் எடுத்துக்கொண்டால் என்ன?' என்று எழுந்து போய்விடவில்லை. தம்மைச் சார்ந்திருந்த இருவருக்கும் உரியதை முடிவு செய்துவிட்டே புறப்பட நினைத்தார்.

பொருளைத் துறப்பது வேறு. அதை ஒழுங்கு செய்யாமல் விட்டுச்செல்வது வேறு. பின்னது பெரும்பாலும் சோம்பல். சில வேளைகளில் வைராக்கியத்தின் வேடமணிந்த சோம்பல்.

தாம் படித்த பள்ளிக்கோ, முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய பள்ளிக்கோ, அன்பர்கள் நடத்தும் சிற்றூர்ப் பள்ளிக்கோ தமக்குப் பிறகு ஒரு பங்கு சேரவேண்டும் என்ற விருப்பம் முதியவர் பலரின் உள்ளத்தில் உண்டு. 'எனக்கு அப்புறம் இந்த வீடு பள்ளிக்கூடத்துக்குத்தான்' என்று திண்ணையிலும் சத்சங்கத்திலும் பலமுறை சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களும் தலையசைத்திருப்பார்கள். காரியங்கள் முடிந்து உறவினர் கூடிப் பேசும் நாளில் அந்தப் பேச்சுக்கு யாதொரு மதிப்பும் இருப்பதில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர்களும் தீயவர்கள் அல்லர். எழுத்தில் வராத விருப்பத்தைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை, அவ்வளவே.

பால் வற்றிய பசுக்கள்

இங்கே சாதகர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பக்கூடும். உயிரோடு இருக்கும்வரை அனுபவித்துவிட்டு, இனி எடுத்துச் செல்ல இயலாது என்ற நிலையில் கொடுப்பது எப்படித் தானமாகும்? காலன் எப்படியும் பறிக்கப்போவதை முந்திக்கொண்டு 'கொடுத்தேன்' என்று சொல்வதில் தியாகம் எங்கே இருக்கிறது?

கடோபநிஷதம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது என்று கூறலாம். வாஜசிரவஸர் எல்லாவற்றையும் கொடுக்கும் வேள்வியைச் செய்கிறார். ஆனால் தட்சிணையாகப் போகின்றவை பால் வற்றி, கன்று ஈனும் வலிமையும் இழந்த கிழப்பசுக்கள். சிறுவன் நசிகேதனுக்கு அது பொறுக்கவில்லை. வேள்வியின் விதிகளில் குறை ஏதும் இல்லை. எண்ணிக்கையிலும் குறை இல்லை. வாங்குகிறவருக்குப் பயன் இல்லை என்பதே குறை.

உயில் வழியாகக் கொடுப்பதற்கும் இதுவே உரைகல். கொடுக்கும் நேரம் முக்கியமன்று. கொடுக்கப்படும் பசு பால் தருமா என்பதே முக்கியம். மாத ஓய்வூதியத்திலும் ஒரே ஒரு வீட்டிலும் காலம் தள்ளும் முதியவர், அந்த வீட்டை இன்றே செட்டில்மெண்ட் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நாளை எவர் வீட்டு வாசலிலோ நிற்கவேண்டும் என்று எந்த தர்மமும் கூறவில்லை. செட்டில்மெண்ட் எழுதிய அன்றே உரிமை கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும், மருத்துவச் செலவு வந்தாலும் எளிதில் திரும்பப் பெற இயலாது. உயிலோ எழுதியவரின் கடைசி மூச்சுக்குப் பிறகே உயிர் பெறுகிறது. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் எறியலாம். இந்த வசதி இல்லறத்தாருக்கென்றே அமைந்தது போலும்.

ஆனால் பசுவின் நிலை என்ன? பங்காளிகளிடையே பாகம் பிரியாத மனை, தாய்ப்பத்திரம் கிடைக்காத நிலம், வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவர் உள்ள கட்டடம், வரிப் பாக்கி ஏறிக்கிடக்கும் வீடு இவற்றைப் பள்ளிக்கு எழுதிவைப்பவர்கள் உண்டு. 'பிள்ளைகளுக்கு இதனால் தொல்லை. பள்ளிக்காவது பயன்படட்டும்' என்பது அவர்கள் கருத்து. பிள்ளைகளால் தாங்க இயலாத தொல்லையைப் பள்ளி எவ்வாறு தாங்கும்? கரும்பலகைக்கும் கழிப்பறைக்கும் செலவிட வேண்டிய பணம் வக்கீல் கட்டணமாகப் போகும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பத்திரங்களை ஒழுங்குபடுத்தி, தீர்க்கக்கூடிய வழக்கைத் தாமே தீர்த்து வைத்துவிட்டு எழுதுவதுதான் உண்மையான கொடை. அது கூடவில்லையெனில், சிறியதாயினும் சிக்கலற்ற ஒரு வைப்புத்தொகை பல கிரவுண்டு வில்லங்க நிலத்தைக் காட்டிலும் மேலானது.

லக்னோவில் ஒரு மாளிகை

இந்திய மண்ணில் உயிலால் எழுந்த பள்ளிகளுள் லா மார்ட்டினியர் பள்ளிகளின் வரலாறு தனித்துக் குறிப்பிடத்தக்கது. குளோட் மார்ட்டின் 1735-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். படைவீரனாக இந்தியா வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, லக்னோவில் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவுரி வாணிபமும் கட்டடக்கலையும் அவர் கைவைத்த பல துறைகளுள் இரண்டு. முறையாக மணம் செய்துகொண்ட மனைவியோ வாரிசோ இல்லை. 1800 ஜனவரி 1-ஆம் தேதியிட்ட உயிலில், தம்மை அண்டியிருந்தவர்களுக்கு மானியங்களும் ஏழைகளுக்கு தர்மமும் விதித்துவிட்டு, செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்கத்தா, லக்னோ, லியோன் ஆகிய மூன்று ஊர்களில் பள்ளிகள் அமைக்க எழுதிவைத்தார். கான்ஸ்டான்ஷியா என்று அவர் பெயரிட்ட லக்னோ மாளிகை பள்ளியாக வேண்டும் என்பதும், தம் உடல் அதன் நிலவறையில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பதும் அவர் கட்டளை. சமாதி இருக்கும் கட்டடத்தை நவாப் கைப்பற்றத் தயங்குவார் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து என்று சொல்வார்கள். சொத்தைக் காக்க உடலையே காவல் வைத்த மனிதர்!

அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று அவர் மறைந்தார். கல்கத்தாவில் பள்ளி திறக்கப்பட்டது 1836-இல். லக்னோவில் 1845-இல். உயிலை எழுதியவருக்கு எண்ணம் தெளிவாக இருந்தது. எழுத்தில் அத்தெளிவு பல இடங்களில் இல்லை. பணம் எவ்வளவு எந்த ஊருக்கு, யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்ற கேள்விகளுக்கு உயில் ஐயமற விடை சொல்லவில்லை. வழக்குகள் நீண்டன. 1800-இல் பிறந்த குழந்தை அந்தப் பள்ளியில் சேரக் காத்திருந்தால், கல்கத்தாவில் 36 வயதிலும் லக்னோவில் 45 வயதிலும்தான் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும். நல்லவேளையாக மூலதனம் அழியவில்லை. கான்ஸ்டான்ஷியாவில் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாட்டிலும் இப்படி ஒன்று நிகழ்ந்தது. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார், காசி முதல் தெற்கே வரை திருக்கோயில் பணிகளுக்கென்று உயிலில் பொருள் ஒதுக்கினார். பொருள் பொறுப்பாளர் கைகளில் சிக்கி, நீதிமன்றம் தலையிட்டு, ஒரு வழியாக மீட்கப்பட்டபோது கோயில் பணிகளுக்கு வேண்டியதற்கும் மேலாகத் திரண்டிருந்தது. அந்த மிகுதியிலிருந்து 1842-இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி பிறந்தது. வங்காளத்தில் ஹாஜி முகமது மொஹ்சின் 1806-இல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரமும் இவ்வாறே பொறுப்பாளர்களின் முறைகேட்டுக்கு இரையாகி, அரசு எடுத்துக்கொண்ட பின் சேர்ந்த நிதியிலிருந்து 1836-இல் ஹூக்ளிக் கல்லூரியாக வடிவெடுத்தது. பங்கிம் சந்திரர் அங்கு பயின்றவர்.

இவற்றைப் படித்துவிட்டு, தாமதமானாலும் தர்மம் தழைத்தது என்று மகிழ்வது எளிது. தழைத்தவை மட்டுமே வரலாற்றில் இடம்பெறுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். வழக்கிலேயே கரைந்துபோன கொடைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

எழுத்தில் இருக்கவேண்டியவை

சட்டம் கேட்பது மிகக் குறைவு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, வயது வந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் தமக்குரிய சொத்தைப் பற்றி உயில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலைப் போலி என்று ஒதுக்குவது கடினம். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. பயன்பெறும் பள்ளியின் தாளாளரோ தலைமையாசிரியரோ சாட்சியாக நிற்காமல் இருப்பது நல்லது. கண்டவர் ஐயுறாதபடி செய்வதும் அறத்தின் ஒரு பகுதியே.

இதுவரை எளிது. இடறுவது வேறு இடங்களில்.

பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அன்று; அதை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோதான் சொத்தைப் பெறத் தகுதியுடையது. 'எங்கள் ஊர் ஆசிரமப் பள்ளிக்கு' என்று எழுதினால், ஒரே ஊரில் இரண்டு ஆசிரமங்கள் இருந்துவிட்டால் போதும், வழக்குக்கு வித்து விழுந்துவிடும். பதிவு செய்யப்பட்ட பெயர், பதிவு எண், முகவரி ஆகியவற்றைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கி அப்படியே எழுதவேண்டும். அப்போதே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: அவர்களுக்கு இது வேண்டுமா? அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீட்டைப் பராமரிக்க அவர்களிடம் ஆள் இருக்கிறதா, அல்லது விற்றுப் பணமாக்கிக் கொள்ள அனுமதி தந்தால் நலமா? கொடுக்கிறவர் கேட்கக் கூச்சப்படுகிறார். வாங்குகிறவர் சொல்லக் கூச்சப்படுகிறார். நடுவில் கொடை பாழாகிறது.

நோக்கத்தை எவ்வளவு நெருக்கி எழுதுவது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. தட்டச்சு வகுப்புக்கென்று மட்டும் 1975-இல் எழுதப்பட்ட ஒரு நிதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அன்று அதைவிடப் பயனுள்ள கல்வி இல்லை. வேலைவாய்ப்புக்கு அதுவே வாசல். இன்று அந்த நிதியின் வட்டியை வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்யும்? நீதிமன்றத்தை அணுகி நோக்கத்தை மாற்ற வழி இருக்கிறது. அதற்கும் காலமும் பணமும் வேண்டும். 'ஏழை மாணவர் தொழிற்பயிற்சி பெற' என்று எழுதி, 'இது பயன்படாத காலத்தில் பள்ளியின் நிர்வாகக்குழு இதற்கு நெருங்கிய வேறு கல்விப்பணிக்குச் செலவிடலாம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்தப் பள்ளியே மூடப்பட்டிருந்தால் எந்த நிறுவனத்துக்குச் சேரவேண்டும் என்று இன்னொரு வரி. இந்த வரிகளை எழுத விடாமல் தடுப்பது பெரும்பாலும் அகந்தை. தாம் மறைந்த பின்னும் தம் கை அந்தப் பணத்தின் மீது இருக்கவேண்டும் என்ற ஆசை.

இன்ன வங்கியில் இன்ன எண்ணுள்ள வைப்பு என்று எழுதி, பிறகு மருத்துவமனைச் செலவுக்காக அந்த வைப்பை முறித்துவிட்டால், பள்ளிக்கு எழுதியதும் அதோடு போய்விடும். குறிப்பிட்ட தொகையாகவோ, எல்லாருக்கும் கொடுத்தது போக எஞ்சியதில் இத்தனை பங்கு என்றோ எழுதுவது பாதுகாப்பு. நாமினி விஷயத்திலும் குழப்பம் நேர்கிறது. வங்கி வைப்புக்கு நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரிமை பெற்றவர். அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ முடிவு செய்யும். ஆனால் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியதாகிறது. உயிலில் பள்ளி, காப்பீட்டில் மகள் என்றிருந்தால் அது மகளுக்கே என்று அறிந்து எழுதவேண்டும்.

உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்பவர் எழுதுபவரைவிட வயதில் இளையவராக இருக்கட்டும். எண்பது வயது முதியவர் தம் எண்பத்திரண்டு வயது நண்பரை நியமிப்பது நட்புக்கு அழகு, காரியத்துக்கு ஆகாது.

முதற்கடன்

இவையெல்லாம் எழுத்தின் சிக்கல்கள். அறிந்த வக்கீல் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தீர்த்துவைப்பார். மனத்தின் சிக்கல் வேறு. பள்ளிக்குக் கொடுப்பது யாருடைய பங்கிலிருந்து?

தாம் ஈட்டிய சுயார்ஜிதச் சொத்தை ஒருவர் எவருக்கும் எழுதலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். 2005-ஆம் ஆண்டிலிருந்து மகள்களும் அதில் மகன்களுக்கு நிகரான பங்குடையவர்கள் என்பதால், 'என் பங்கு' என்று பழைய நினைவில் கணக்கிட்டது இன்று சுருங்கியிருக்கக்கூடும். முஸ்லிம் அன்பர்கள் கடனும் இறுதிச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் இசைவின்றி உயிலால் கொடுக்க இயலாது. வாரிசுகளைக் காக்க அந்தச் சமயநெறி இட்ட வேலி அது. கிறிஸ்தவர்களுக்கு அறப்பணிக்காக எழுதும் உயிலின் மீது மட்டும் காலக்கெடு விதித்த ஒரு பிரிவு நெடுங்காலம் இருந்தது. சமத்துவத்துக்கு முரணானது என்று 2003-இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

இந்துக்களைப் பொறுத்தவரை அத்தகைய பங்கு வரம்பு இல்லை. முழுச் சொத்தையும் பள்ளிக்கு எழுதிவிட்டு மனைவியை மறந்துவிட முடியுமா? எழுத முடியும், மறந்துவிட முடியாது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், மறைந்தவரைச் சார்ந்திருந்த மனைவி, முதிய பெற்றோர், சிறுவயதுப் பிள்ளைகள், மணமாகாத மகள் போன்றோர் உயிலால் எதுவும் பெறாதபோது, சொத்தைப் பெற்றவரிடமிருந்தே ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது. கொடை பெற்ற பள்ளியின் வாசலில் கொடையாளியின் மனைவி வந்து நின்று சோறு கேட்கும் நிலை அது. யாக்ஞவல்கியர் ஏன் முதலில் பங்கீட்டைப் பற்றிப் பேசினார் என்பது இங்கே விளங்கும்.

சினத்தால் எழுதும் உயில் இன்னொரு வகை. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர் பெரும் வழக்கறிஞர். சட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவத்தைத் தழுவியதால், சொத்து அவருக்குச் சேராமல் சகோதரர் மகன் முறையினர் வழியாகத் தலைமுறை தலைமுறையாகச் செல்லும்படி நுணுக்கமாக உயில் எழுதினார். 1868-இல் அவர் மறைந்தபின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. உயிலெழுதியவர் மறையும்போது பிறந்திராதவர்களுக்கு எழுதியது இந்து சட்டப்படி செல்லாது என்று 1872-இல் தீர்ப்பாயிற்று. மகனை விலக்கப் பின்னிய வலை அவ்வாறு அறுந்தது. அதே உயிலில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டச் சொற்பொழிவுகளுக்கென்று ஒதுக்கிய பகுதி எவ்விதச் சிக்கலுமின்றி நின்றது. தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் 1870-இல் தொடங்கி, பல தலைமுறை மாணவர்களுக்கு நூல்களாகவும் கிடைத்தன. மகன்மீது வைத்த கோபமும் மாணவர்மீது வைத்த அன்பும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன.

பள்ளிக்கு எழுதுவதும் சில வேளைகளில் மகனைத் தண்டிக்கும் வழியாகிவிடுவதுண்டு. அத்தகைய கொடையில் பள்ளி வெறும் கருவி. எழுதுபவர் பேனாவை எடுக்குமுன் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்வது நல்லது. கோபம் தணிய ஆறு மாதம் பொறுத்திருந்து எழுதினால் சட்டமும் குறுக்கே நிற்பதில்லை.

நல்லெண்ணத்தோடு எழுதியதும் இடறியதுண்டு. சகோதரி நிவேதிதையின் பள்ளிக்கும் ஜகதீச சந்திர போஸின் ஆய்வுகளுக்கும் பேலூர் மடத்துக்கும் உற்ற துணையாக இருந்தவர் அமெரிக்கப் பெண்மணி சாரா புல். அவர் 1911 ஜனவரியில் மறைந்தார். உயிலில் இந்தியப் பணிகளோடு தொடர்புடைய நண்பர்களுக்கு இடமிருந்தது. அவருடைய ஒரே மகள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தாள்: தாய் தெளிந்த மனநிலையில் இல்லை, பிறர் வயப்பட்டிருந்தார் என்பது வாதம். தாயின் வழிபாடும் தியானமும் நட்புகளும் நீதிமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் அலசப்பட்டன. அந்த ஜூலையில் உயில் நிலைக்காமற்போனது. அதே சமயத்தில், நோயுற்றிருந்த மகளும் இறந்துபோனாள்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் மகளைக் குறைசொல்லிவிட்டு மேலே செல்வது வழக்கம். மகளின் பக்கமிருந்தும் பார்க்கவேண்டும். தாயின் உள்ளத்தில் தனக்கு என்ன இடம் என்று அவள் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அதற்கு விடை வக்கீல் படித்த தாளில் வந்தது. பள்ளிக்கோ மடத்துக்கோ எழுத எண்ணுபவர் அதைத் தம் பிள்ளைகளிடம் தம் வாயாலேயே, தாம் திடமாக இருக்கும்போதே சொல்லிவிடுவதைக் காட்டிலும் வலிய பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளைகளுள் ஒருவரையே உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் அமர்த்தினால் இன்னும் நல்லது. மனநிலையைப் பற்றி ஐயம் எழக்கூடிய முதுமையிலோ நோயிலோ எழுதுவதானால், மருத்துவரின் சான்றோடு, பயன்பெறுபவர் எவரும் அறையில் இல்லாதபோது எழுதவேண்டும்.

கொடுத்துப் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. மத்திய இந்தியாவின் சாகரில் 1946-இல் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஹரிசிங் கௌர் இந்து சட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய சட்ட அறிஞர். தம் சேமிப்பிலிருந்து 20 லட்சம் ரூபாய் கொடுத்துத் தொடங்கி, தாமே முதல் துணைவேந்தராக இருந்து, பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்ணால் கண்டார். 1949-இல் மறையும்போது உயிலின் வழியாகவும் அதற்குச் சொத்து சேர்ந்தது. நூறு மாணவருக்கு மேசை வாங்கித் தரும் அளவுக்கே வசதியுள்ளவரும் இதே முறையைப் பின்பற்றலாம். இவ்வாண்டு ஒரு சிறு தொகை கொடுத்து, அடுத்த ஆண்டு போய்ப் பார்த்து, ரசீதும் கணக்கும் ஒழுங்காக இருக்கக் கண்டபின் உயிலில் பெயரை எழுதுவது.

சாரா புல்லின் வழக்கு நடந்த காலத்தில் நிவேதிதை அமெரிக்காவிலிருந்து திரும்பிவிட்டார். தோழியின் உயில் என்னவாயிற்று என்பதை அவர் அறிந்திருந்தார். அக்டோபரில் டார்ஜிலிங்கில் போஸ் குடும்பத்தாரோடு தங்கியிருந்தபோது கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டது. அவருக்கு அப்போது 44 வயதுகூட நிரம்பவில்லை. பாக்பஜாரில் 1898 நவம்பர் 13 அன்று தொடங்கிய பெண்கள் பள்ளி அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பணத்தட்டுப்பாடு இல்லாமல் இருந்ததே இல்லை. தாம் எழுதிச் சம்பாதித்ததை அவர் அதில் போட்டுக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 7 அன்று அவர் உயில் எழுதினார். மாளிகை இல்லை, நிலம் இல்லை. வங்கியில் இருந்த பணம், தோழியின் சொத்திலிருந்து தமக்கு வரவேண்டியிருந்த தொகை, தம் நூல்களின் உரிமையும் வருவாயும் இவையே அவரிடம் இருந்தவை. அனைத்தும் பேலூர் மடத்தின் அறங்காவலரிடம் நிலைநிதியாக இருக்கவேண்டும். இந்தியப் பெண்களுக்குத் தேசிய முறையில் கல்வி அளிக்கப் பயன்படவேண்டும். பள்ளியில் தம்மோடு உழைத்த சகோதரி கிறிஸ்டினின் ஆலோசனை கேட்கப்படவேண்டும். என்ன, யாரிடம், எதற்காக, யாரைக் கேட்டு என்ற நான்குக்கும் விடை அதில் இருந்தது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை மாணவியர் என்று அவர் கட்டிப்போடவில்லை. பணியை அறிந்த தோழியிடம் விட்டுவிட்டார். நூல்களின் உரிமையையும் அவர் சொத்தாக எண்ணி எழுதியது கவனிக்கத்தக்கது. இன்று இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடநூலோ பக்திநூலோ எழுதிய ஆசிரியர்கள் பலர் அதை உயிலில் குறிப்பிடுவதே இல்லை.

ஆறு நாட்களுக்குப் பின், அக்டோபர் 13 அன்று விடியற்காலையில் அவர் மறைந்தார். அந்தப் பள்ளி இன்று ராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில் அவர் பெயராலேயே பாக்பஜாரில் நடைபெறுகிறது.